சுறாவை மல்லாக்கப் போட்டுப் பார்ப்பது எப்படி

ஒரு சுறா குட்டி போட்டதா, போடப் போகிறதா, இல்லை அதுவே குட்டிதானா என்று தெரிய வேண்டுமானால் முதல் வேலை அதை மல்லாக்கப் போடுவது. முதுகு ஒன்றும் சொல்லாது. சாம்பல் நிறம், சொரசொரப்பு, முடிந்தது. வயிற்றுப் பக்கம் திருப்பினால்தான் விஷயம். ஆணா பெண்ணா, வயதுக்கு வந்ததா, பிறந்து பத்து நாளா பத்து மாதமா, எல்லாம் அங்கே இருக்கிறது. குனிந்து பார்க்கத் தெரிய வேண்டும்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. பஸ்ஸில் "ஓ.டி. ஒண்ணு" (ஓல்டு டவுன், அதாவது முதுநகர்) என்று டிக்கெட் கேட்டு வளர்ந்தவள். அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து திருப்பாதிரிப்புலியூர் தெருக்களில் விற்றார். அந்தக் காசில் நான் விலங்கியல் படித்து, மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுத்து, இப்போது ஓய்விலும் இருக்கிறேன். வேலையில் இருந்தவரை வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போவேன். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை தவறாமல் கேட்கும்: "டீச்சர், பால் சுறான்னு சொல்றாங்களே, அது குட்டிக்குப் பால் கொடுக்குமா?"

கொடுக்காது. பால் மட்டுமில்லை, பெற்ற பிறகு சுறா எதையுமே கொடுக்காது. கொடுக்க வேண்டியதை எல்லாம் வயிற்றில் இருக்கும்போதே கொடுத்து முடித்துவிடும். இதை நான் வாயால் சொன்னால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு மறந்துபோவார்கள். மீனைத் திருப்பிக் காட்டினால் மறக்க மாட்டார்கள். எனவே நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எப்போது, எங்கே

கடலூரில் என்றால் முதுநகர் துறைமுகம். புதுச்சேரிக்காரர்களுக்குத் தேங்காய்த்திட்டு. விடியற்காலை போக வேண்டும், வெயில் ஏறினால் தரையில் ஐஸ் தண்ணீர் மட்டும்தான் மிச்சம் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும், சுறா பார்க்கக் கிளம்பாதீர்கள். தங்கல் போய் நாலைந்து நாள் கழித்துத் திரும்பும் விசைப்படகில் சுறா இருக்க வாய்ப்பு அதிகம்.

வழுக்காத செருப்பு, ஒரு நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஓடிவிடும். அப்புறம் முக்கியமான ஒன்று. ஏலம் நடக்கும்போது மீனைத் தொடாதீர்கள். ஏலம் முடிந்து மீன் ஒருத்தர் கைக்கு வந்த பிறகு அவரிடம் கேளுங்கள். "அக்கா, இதைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்துக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். சிலர், "என்னாத்துக்கு? வாங்குற மாதிரி இருந்தா தொடு" என்பார்கள். அதிலும் தப்பில்லை, அவர்கள் முதல் போட்ட சரக்கு. நான் ஒரு கூறு காரப்பொடி மீன் வாங்கிவிட்டுக் கேட்பேன். அந்த வித்தை இதுவரை தோற்றதில்லை.

முதலில் பின்பக்கம்

மல்லாக்கப் போட்டாயிற்றா? வாலுக்கு முன்னால், வயிற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு ஜோடி சின்னத் துடுப்பு இருக்கும். அதன் உள்பக்க ஓரத்தைப் பாருங்கள். இரண்டு விரல் நீட்டினாற்போல இரண்டு குழல்கள் தொங்கினால் ஆண். வெறும் துடுப்பும் நடுவில் ஒரு பிளவும் மட்டும் இருந்தால் பெண். பாடப் புத்தகத்தில் அந்தக் குழல்களுக்குக் கிளாஸ்பர் என்று பெயர். கலவியின்போது ஆண் அதில் ஒன்றைத்தான் பெண்ணுக்குள் செலுத்தும். நாம் சாப்பிடும் மீன்களில் பெரும்பாலானவை முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும், கரு வெளியே உண்டாகும். சுறாவுக்கும் திருக்கைக்கும் உழுவை மீனுக்கும் அப்படி இல்லை, எல்லாமே உடம்புக்குள்தான். குடும்பம் முழுக்க ஆணுக்கு இந்தக் குழல் உண்டு. திருக்கையைத் திருப்பிப் பார்த்தாலும் தெரியும்.

குழலைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று, துடுப்பின் ஓரத்தைத் தாண்டாமல் குட்டையாக இருந்தால் அது இன்னும் பையன். நீளமாக, எலும்பு வைத்தது போல விறைப்பாக இருந்தால் வளர்ந்த ஆண். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முழ நீளச் சுறாவைக் காட்டி, "இது பெண், பார்த்தீர்களா, ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் குனிந்து, துடுப்பைச் சுண்டுவிரலால் விலக்கிக் காட்டினான். அரிசி நீளத்துக்கு இரண்டு மொட்டு. "ஆம்பளப் புள்ள டீச்சர்" என்றான். அன்றிலிருந்து நான் விரலால் விலக்காமல் பதில் சொல்வதில்லை.

பெண்ணாக இருந்தால் மார்த் துடுப்பையும் விலாவையும் பாருங்கள். அரைவட்டமாகக் கீறல் இருக்கிறதா? வலை அறுத்த கோடு நேராக இருக்கும், பல் பட்ட கோடு வளைந்து புள்ளி புள்ளியாக இருக்கும். சுறாவுக்குக் கை இல்லை. கலவியின்போது ஆண் பெண்ணின் துடுப்பையோ விலாவையோ கடித்துப் பிடித்துக்கொள்ளும். நீலச் சுறாவில் பெண்ணின் தோல் ஆணின் தோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் தடிப்பு, இந்தக் கடியைத் தாங்கத்தான்.

அப்புறம் மார்பு

இனிதான் எனக்குப் பிடித்த இடம். இரண்டு மார்த் துடுப்புகளுக்கு நடுவே, தொண்டைக்குச் சற்றுக் கீழே விரலை வைத்து மெதுவாக இழுங்கள். சின்னச் சுறாவாக இருந்தால் அங்கே ஒரு பிளவு தட்டுப்படும். பச்சைப் புண்ணாக, திறந்து இருந்தால் குட்டி பிறந்து சில நாள்தான் ஆகிறது. மூடி, ஒரு கோடாக மட்டும் தெரிந்தால் சில வாரம். கோடும் இல்லை என்றால் அது கடலில் கொஞ்ச நாள் பிழைத்துவிட்ட குட்டி.

அது தொப்புள். மீனுக்குத் தொப்புளா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், விரலை வைத்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

பால் சுறாக் குட்டி பிறக்கும்போதே ஓரடிக்கு முன்பின் இருக்கும். கூடைக்குள் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தில் மூக்கு நீண்ட சுறாக்கள் இருந்தால் தொப்புளைத் தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும். வளர்ந்து தாயாகும் பருவம் இரண்டேகால், இரண்டரை அடிக்குப் பிறகுதான். பால் சுறாவை அடையாளம் காண: உடம்பு ஒல்லி, மூக்கு நீளம், வாய் ஓரத்தில் நீண்ட மடிப்பு, முதுகின் இரண்டாவது துடுப்பு ரொம்பச் சின்னது.

வயிற்றைக் கிழித்தால்

இதை நீங்கள் செய்ய வேண்டாம், மார்க்கெட்டில் மீன் அரியும் அக்காக்களிடம் விடுங்கள். அவர்களுடைய அரிவாள்மனைக்கு முன்னால் எந்தக் கல்லூரிக் கத்தியும் நிற்காது.

எங்கள் மார்க்கெட்டில் எனக்குப் பழக்கமான அக்கா ஒருத்தர் இருக்கிறார். ஒரு ஐப்பசி மாதக் காலையில் மூன்றடிக்குச் சற்றுக் குறைவான பால் சுறாவை மடியில் இழுத்துப் போட்டவர், கை வைத்ததுமே, "டீச்சரம்மா, இது புள்ளத்தாச்சி" என்றார். எனக்கு வெளியிலிருந்து தெரியவில்லை. அவருக்கு விரல் சொல்லிவிட்டது. கிழித்தார். முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் இரண்டு நீளப் பைகள். ஒன்றில் மூன்று குட்டி, இன்னொன்றில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மெல்லிய சவ்வால் தனி அறை. ஒன்றை எடுத்துத் தூக்கினார், குட்டி முழுசாக வரவில்லை. மார்பிலிருந்து ஒரு கொடி விறைத்து நின்றது. கொடியின் மறுமுனை பையின் சுவரில் செங்கல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா மூன்று பிள்ளை பெற்றவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நஞ்சுக்கொடி மாதிரியே இருக்குதே" என்றார்.

மாதிரி இல்லை, அதுதான். குட்டி முதலில் தன் மஞ்சள் கருவைத் தின்று வளரும். அது தீர்ந்த பிறகு, காலியான மஞ்சள் கருவின் பையே தாயின் கருப்பைச் சுவரில் ஒட்டி நஞ்சுக்கொடியாக மாறிவிடும். அதன் பிறகு தாய் சாப்பிடுவதில் ஒரு பங்கு கொடி வழியாகக் குட்டிக்குப் போகும். பால் சுறா ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படிச் சுமக்கிறது. ஒரு ஈற்றில் ஒன்று முதல் எட்டுக் குட்டி வரைக்கும்தான். கொம்பன் சுறாவுக்கும் இதே முறை, ஆனால் குட்டிகள் அதிகம், பதினைந்து முப்பது என்று போகும். அந்தச் சுத்தியல் தலையை வைத்துக்கொண்டு எப்படிப் பிறக்கும் என்று ஒரு மாணவி கேட்டாள். வயிற்றில் இருக்கும்போது தலையின் இரு ஓரமும் மெத்தென்று பின்னால் மடங்கியிருக்கும், பிறந்த பிறகு விறைக்கும்.

இங்கே என் பழைய கோபம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் எங்களுக்கு அறுத்துப் பார்க்கக் கொடுத்தது ஸ்கோலியோடான் என்ற சின்னச் சுறா. அந்தக் காலத்தில் விலங்கியல் படித்த எல்லோருக்கும் இந்தப் பெயர் ஃபார்மலின் வாசனையோடு நினைவிருக்கும். என் தட்டில் வந்த சுறாவின் வயிற்றில் குட்டிகள் இருந்தன. ஆசையாக எடுத்துக் காட்டினேன். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, ஒதுக்கிவிட்டு மூளை நரம்பைத் தேடு" என்றார் செய்முறை வகுப்பு எடுத்தவர். ஒதுக்கினேன். குட்டிகள் குப்பைக்குப் போயின. பல வருஷம் கழித்துத்தான் படித்தேன், சுறாக்களிலேயே மிக மேம்பட்ட நஞ்சுக்கொடி அந்த ஸ்கோலியோடானுக்குத்தானாம். அதன் முட்டை வெறும் 1 மில்லிமீட்டர், அதில் மஞ்சள் கரு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே தாயை நம்பித்தான் குட்டி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நரம்பு தேடியிருக்கிறேன்!

விழுங்கிக் காப்பாற்றுமா

எங்கள் பெரியம்மா அடித்துச் சொல்வார்: "ஆபத்து வந்தா சுறா குட்டிங்கள முழுங்கிக்கும். ஆபத்து போனதும் துப்பிடும்." அம்மாவும் கடைசிவரை அதை நம்பினார். வலையில் ஏறிய சுறா தளத்தில் கிடந்து குட்டிகளை உயிரோடு தள்ளுவதைப் பார்த்தவர்கள் சொன்னது அது. கண்ணால் கண்டது பொய்யில்லை, காரணம்தான் வேறு. சினைச் சுறாவும் சினைத் திருக்கையும் பிடிபட்ட பதற்றத்தில் குட்டிகளை முன்கூட்டியே ஈன்றுவிடும்.

சந்தேகம் இருந்தால் அரியும்போது இரண்டு பைகளையும் பாருங்கள். இரைப்பை ஒன்றுதான், தடிப்பாக, ஆங்கில எழுத்து ஜே போல வளைந்திருக்கும். உள்ளே இருப்பது பாதி கரைந்திருக்கும்: கணவாய் ஓடு, மத்தித் தலை, இப்படி. குட்டிகள் இருப்பது முதுகை ஒட்டிய இரட்டைப் பையில், ஒரு கீறலும் இல்லாமல். வாய்க்கும் அந்தப் பைக்கும் வழியே கிடையாது. இரைப்பையில் குட்டிச் சுறா கிடந்தால் அது காப்பாற்ற விழுங்கியது இல்லை, பசிக்குத் தின்றது. பெரிய சுறா சின்னச் சுறாவைத் தின்னும். அது தன் குட்டியா பிறர் குட்டியா என்ற கணக்கு அதற்குக் கிடையாது.

கரையில் ஒதுங்கும் கூடு

எல்லாச் சுறாவும் குட்டி போடுவதில்லை. முட்டை இடுவதும் உண்டு. நம் கடலில் பாறையும் பவளமும் உள்ள இடத்தில் திரியும் மூங்கில் சுறாக்கள் அந்த வகை. ஆள் உயரம்கூட வராது, மூக்கில் மீசை, பகலெல்லாம் இடுக்கில் படுத்துக் கிடக்கும். ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும்.

சில்வர் பீச்சிலோ வீராம்பட்டினம் கரையிலோ நடக்கும்போது, அலை ஒதுக்கிய பாசிக் குப்பையைக் காலால் கிளறிப் பாருங்கள். தோல் பர்ஸ் போல, பழுப்பாக, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்று கிடைக்கலாம். ஓரத்தில் நார் நாராக இருக்கும். அந்த நார்தான் பாறையிலும் பாசியிலும் சிக்கிப் பிடித்துக்கொள்ளும். எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். ஒரு ஓரம் வாய் பிளந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்றால் குட்டி போய்விட்டது. வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கனமாக, உள்ளே நிழல் அசைந்தால் உயிர் இருக்கிறது. உடனே கடல் தண்ணீர் இருக்கும் வாளியில் போட்டு, வலைக்குப் போகும் ஃபைபர் படகுக்காரர் யாரிடமாவது கொடுத்து உள்ளே விடச் சொல்லுங்கள். கரையில் எறிந்தால் அடுத்த அலை திரும்பக் கொண்டுவரும்.

அந்தக் கூட்டைத் தாய் காவல் காக்காது. இட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடும், மாதக்கணக்கில் குட்டி தன்னந்தனியாக உள்ளே வளரும். காவல் வேலையையும் குட்டியே செய்கிறது என்பதுதான் வேடிக்கை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013ல் காட்டியது இது. கூட்டுக்குள் இருக்கும் மூங்கில் சுறாக் கரு, பக்கத்தில் வேட்டையாடும் மீனின் மின்னதிர்வு போன்ற ஒன்றை உணர்ந்தால் மூச்சு விடுவதை நிறுத்தி, அசையாமல் ஆகிவிடும். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொள்வது போல.

மூன்றாவது முறை இரண்டுக்கும் நடுவில். முட்டை வயிற்றுக்குள்ளேயே இருந்து, அங்கேயே பொரிந்து, குட்டியாக வெளியே வரும். கொடி இல்லை. புலிச்சுறா இப்படித்தான், ஒரே ஈற்றில் எண்பது குட்டி வரை போடும். திமிங்கலச் சுறாவும் இப்படித்தான் என்பது 1995ல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் 300 குட்டிகளைப் பார்த்த பிறகுதான் உறுதியானது. பால் என்று கேட்ட பிள்ளைக்குத் திருக்கையைக் காட்டுங்கள். அதன் கருப்பைச் சுவர் பால் போன்ற ஒரு சத்து நீரைச் சுரக்கும், குட்டி அதை உள்ளே இருந்தே குடிக்கும். பெயரில் பால் வைத்திருப்பது ஒன்று, சுரப்பது இன்னொன்று.

வயிற்றுக்குள் எல்லாம் சுகம் என்று நினைக்காதீர்கள். மணல் புலிச்சுறா என்று ஒன்று உண்டு. அதன் கருப்பைக்குள் முதலில் வளர்ந்த குட்டி, தம்பி தங்கைகளைத் தின்றுவிடும். பிறகு மிச்ச முட்டைகளையும் தின்னும். கடைசியில் பைக்கு ஒன்றாக இரண்டே குட்டி, ஒவ்வொன்றும் மூன்றடி நீளத்தில் வெளியே வரும். இதை வகுப்பில் சொன்னால் அன்று முழுக்க வேறு பாடம் ஓடாது. அப்பா இல்லாமலே குட்டி பிறப்பதும் உண்டு. 2001ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு விலங்குக் காட்சியகத்தில், ஆண் வாடையே இல்லாத தொட்டியில் கொம்பன் இனத்துப் பெண் ஒன்று குட்டி போட்டது. 2007ல் மரபணுவைப் பார்த்துத் தாய் மட்டும்தான் என்று உறுதி செய்தார்கள்.

பெற்ற பிறகு

குட்டி வெளியே வந்ததும் தாய் திரும்பிப் பார்க்காது. அப்பாவைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அவர் ஒரு வருஷத்துக்கு முன்பே போய்விட்டார். ஏரியில் விரால் தன் சிவந்த குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றுவதையும், பக்கத்தில் போனால் பாய்வதையும் நம் ஊர்ப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். கடல் கெளுத்தியில் அப்பா முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். சுறாவில் இப்படி ஒன்றுகூட இல்லை. அதனால் அதைக் கல் நெஞ்சுக்காரி என்று சொல்லிவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கைப் பாருங்கள். வஞ்சிரம் லட்சக்கணக்கில் முட்டை விட்டு, பிழைத்தது பிழைக்கட்டும் என்று போகிறது. பால் சுறா நாலைந்தைப் பெறுகிறது. ஆனால் நீந்த, வேட்டையாட, கடிக்கத் தெரிந்த பிறகுதான் வெளியே விடுகிறது. பிறந்த குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள், பல் முழுவரிசை.

கட்டுச்சோறும் கொடுத்தனுப்புகிறது. புதிதாய்ப் பிறந்த குட்டியை அக்கா அரியும்போது ஈரலைக் காட்டச் சொல்லுங்கள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய ஈரல், விரல் வைத்தால் எண்ணெய் ஒட்டும். வேட்டை கைகூடும்வரை முதல் சில வாரம் குட்டி அந்த எண்ணெயைக் கரைத்துத்தான் பிழைக்கும். தொப்புள் மூடிய, கொஞ்சம் வளர்ந்த குட்டியின் ஈரலோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, இடம். பல சுறாக்கள் குட்டி போட ஆழம் குறைந்த கழிமுகத்துக்கும் அலையாத்திக் காட்டுக்கும் வரும். பெரிய சுறாக்கள் நுழையாத தண்ணீர், சின்ன மீனும் இறாலும் நிறைய. பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரமும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும் பார்த்தவர்களுக்கு எந்த மாதிரி இடம் என்று விளக்க வேண்டியதில்லை. பஹாமாஸ் தீவுகளில் பிமினி என்ற இடத்தில் எலுமிச்சைச் சுறாக்களைப் பல வருஷம் அடையாளம் போட்டுத் தொடர்ந்தார்கள். அங்கே பிறந்த பெண்கள் பதினைந்து வருஷம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வந்து பிள்ளை பெற்றதை 2013ல் எழுதினார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு! ஆனால் அங்கே தாய் இருக்க மாட்டாள், வீடு மட்டும்தான்.

கறுப்பு நுனி தெரிந்தால் நில்லுங்கள்

புதுச்சேரி பெயரிலேயே ஒரு சுறா இருக்கிறது, புதுச்சேரிச் சுறா. இங்கே கிடைத்த மீனை வைத்து 1839ல் ஜெர்மானியர்களான முல்லரும் ஹென்லேயும் பெயர் சூட்டினார்கள். அந்த யோகான்னஸ் முல்லர்தான், சுறாவுக்குத் தொப்புள்கொடி உண்டு என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்ததைப் பலரும் நம்பாமல் இருந்தபோது, அறுத்துப் பார்த்து 1842ல் உண்மைதான் என்று சொன்னவர். ஏறக்குறைய 2200 வருஷம் கழித்து.

அந்தப் புதுச்சேரிச் சுறா கடைசியாக உறுதியாகப் பதிவானது 1979ல். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. திமிங்கலச் சுறாவும் அதே வருஷம் சேர்ந்தது. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கூர் மூக்கு, மார்த் துடுப்பிலும் முதுகின் இரண்டாம் துடுப்பிலும் வாலின் கீழ்மடலிலும் பளிச்சென்று கறுப்பு நுனி, இதுதான் அடையாளம். கறுப்பு நுனி உள்ள வேறு சுறாக்கள் நிறைய உண்டு, அதனால் பார்த்ததும் கத்தி ஊரைக் கூட்டாதீர்கள். பக்கவாட்டில் ஒரு படம், வயிற்றுப் பக்கம் ஒரு படம், வாயைத் திறந்து பல் தெரிய ஒரு படம் எடுத்து, மீன்வளத் துறைக்கோ பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்துக்கோ கொடுங்கள். முப்பது வருஷமாக ஒவ்வொரு தடவையும் கறுப்பு நுனியை நான் உற்றுப் பார்க்கிறேன். இதுவரை எல்லாம் வேறு சுறாதான்.

வாங்கும்போது

நான் சுறாப் புட்டு சாப்பிடுகிறவள்தான், சாப்பிடாதே என்று சொல்ல வரவில்லை. ஆனால் கூடையில் தொப்புள் மூடாத குட்டிகளும் வளர்ந்ததும் கிடந்தால் நான் குட்டிகளைத் தொடமாட்டேன். வயிறு புடைத்த பெண்ணையும் விட்டுவிடுவேன். ஒரு வருஷம் சுமந்து நாலு பெறும் மீனுக்கு 61 நாள் தடை எம்மாத்திரம்? படகுக்காரர்கள் தெரிந்தவர்களாக இருந்தால் ஒன்று சொல்லிவையுங்கள். தளத்தில் விழுந்த குட்டி கொடி அறுந்து துள்ளிக்கொண்டிருந்தால், கூடையில் போடாமல் கடலில் விடட்டும். அதற்குக் கிடைக்கப்போகும் விலை ஒரு டீக்குக் காணாது. நான் சொன்னதில் இரண்டு பேர் அப்படிச் செய்கிறார்கள். மூன்றாமவர் சிரித்தார்.

பார்த்ததை அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்: தேதி, எந்தக் கரை, நீளம் எத்தனை சாண், ஆணா பெண்ணா, குழல் மெத்தா விறைப்பா, தொப்புள் திறந்ததா மூடியதா, வயிற்றில் எத்தனை. வீட்டுக்கு வந்து புளி தேய்த்துக் கை கழுவுங்கள். சுறா உடம்பில் யூரியா உண்டு, சோப்புக்கு அந்த வாடை போகாது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால் சுறா என்று வாங்கிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் அந்த மீனுக்குப் பால் சுறா என்றே பெயர் வந்தது நம் நாட்டு நம்பிக்கையால்தான். சுறா பிற மீன்களைத் தின்று வளர்வது, அதன் சதையில் பாதரசம் சேரும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். என் பிரசவத்துக்கு அம்மா பத்து நாள் விடாமல் சுறாப் புட்டு கிளறிக் கொடுத்தார், பூண்டு தட்டிப்போட்டு. என் மகள் பிரசவத்துக்கு நான் காரப்பொடிக் குழம்பு வைத்தேன், அதே அளவு பூண்டு. அம்மா இருந்திருந்தால், "படிச்சவளாம், பெத்தவளுக்கு ஒரு சுறாகூட வாங்கித் தரல" என்று தெருவே கேட்கச் சொல்லியிருப்பார்.